புளிப் பானைக்கு எடுத்த லைசென்ஸ்

நாம் ஆறு பேரும் காலை ஆறரை மணிக்கு ஜங்ஷனின் முதல் பிளாட்பாரத்தில், மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறோம். ஆறு பேரில் பிளாட்பாரம் டிக்கெட் எடுப்பவன் நான் ஒருவன்தான். அதற்காக நீங்கள் செய்யும் கேலிகளை நான் எண்ணவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். போன வாரம் மட்டும் நான்கு முறை. போகட்டும். இப்போது எழுதுவது அதைப் பற்றி அல்ல, ஆனால் அதிலிருந்து ரொம்ப தூரமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை உங்களிடம் ஒன்று கேட்டேன். எங்கள் வீட்டு டி.வி.யில் நாற்பத்தாறு கட்டணச் சேனல்கள் பணம் கட்டாமலேயே வருகின்றன. நாங்கள் கட்டுவது இலவசச் சேனல்கள் மட்டும் வரக்கூடிய சின்னக் கட்டணம். பழைய கேபிள்காரர் தொழிலைப் புதியவரிடம் கைமாற்றிவிட்டபோது எங்கோ ஏதோ குளறுபடி நடந்து, பெட்டி மாற்றிய நாள் முதல் எல்லாமே வர ஆரம்பித்துவிட்டது. ஏழு மாதமாக வருகிறது. இது திருட்டா, இல்லையா என்று கேட்டேன்.

தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொன்னார்: "தானா வர்றதைப் பாக்குறது திருட்டாய்யா? நீ என்ன, அவன் வூட்டுல பூந்து தூக்கியாந்தியா? காத்துல வர்றதுக்கு எவன்யா பட்டா போட்டுத் தந்தான்?" கேபிள் காற்றில் வருவதில்லை, ஒயரில் வருகிறது என்று நான் சொல்வதற்குள் மின்வாரியத்தில் இருந்தவர் குறுக்கே வந்தார். மீட்டர் ஓடவில்லை என்றால் கரண்டுக்கும் இதையே சொல்வீர்களா என்று அவர் கேட்டார். அதற்குள் சேலம் வண்டி வந்துவிட்டது. பேச்சு கலைந்துவிட்டது.

உங்களிடம் நான் சொல்லாதவை இரண்டு. ஒன்று, கேள்வியைக் கேட்பதற்கு முந்தின நாளே கேபிள்காரரைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வந்து அந்த நாற்பத்தாறையும் நிறுத்திவிடச் சொல்லியிருந்தேன். இரண்டு, அதை என் மனைவியிடம் சொல்லவில்லை. மதியம் இரண்டு மணிக்கு அவள் பார்க்கும் தொடர் அந்த நாற்பத்தாறில் ஒன்றில்தான் வருகிறது. முழங்கால் வலி வந்த பிறகு அவள் வெளியே போவது குறைந்துவிட்டது. அந்தத் தொடரில் வரும் மாமியாரை அவள் திட்டுவது வாசல் வரை கேட்கும். நாங்கள் முறையாகப் பணம் கட்டுவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

புதன்கிழமை அப்பாவின் தகரப் பெட்டிக்குக் கீழே கரையான் ஏறியிருப்பதைப் பார்த்து அதைத் திறந்தேன். உள்ளே இருந்த ஒரு பொருளைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பெஞ்சில் சொன்னால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். எழுதினால் கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. பீங்கான் பட்டறைக்குப் பின்னால் லைன் வீடுகள் பதினான்கு. எங்களுடையது ஒன்பதாவது. வீட்டுக்கு வீடு ஒரே சுவர். எட்டாம் வீட்டில் தும்மினால் ஒன்பதாம் வீட்டிலிருந்து 'நூறு' சொல்லலாம். பட்டறைப் புகைபோக்கியிலிருந்து வரும் கரி காய்ந்த துணியில் விழும், லாரியில் வரும் வெள்ளை மண் தெருவில் சிந்தும். எங்கள் தெருவில் எல்லோருடைய தலையும் கறுப்பாகவும் கால்கள் வெள்ளையாகவும் இருந்தன.

அப்பாவுக்குப் பட்டறையில் தட்டிப் பார்க்கும் வேலை. சூளையிலிருந்து இறங்கும் கப், சாசர், ஃப்யூஸ் கட்டை எல்லாவற்றையும் ஒரு சாண் நீள மூங்கில் குச்சியால் தட்டுவார். 'ணங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளே ஓடுகிறது, கழிக்க வேண்டும். கண்ணால் பார்த்து எதையும் அவர் முடிவு செய்ததில்லை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குச்சி சும்மா இருக்காது. பானையைத் தட்டுவார், பூசணிக்காயைத் தட்டுவார், கணக்குத் தப்பாகப் போட்டால் என் தலையையும் தட்டுவார். தலை என்ன சத்தம் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது.

கழித்த கப்புகள் மற்ற பதின்மூன்று வீடுகளிலும் உப்பு வைக்கவும் தாழம்பூக் குங்குமம் வைக்கவும் புழங்கின. எங்கள் வீட்டில் ஒன்று கூடக் கிடையாது. அம்மா ஒருமுறை கேட்டதற்கு, கழித்தாலும் அது கம்பெனி கப்புதான் என்று முடித்துவிட்டார்.

எட்டாம் வீட்டில் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவர் குடியிருந்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை அத்தை என்று. சொந்தம் இல்லை, பக்கத்து வீடு என்பதால் வந்த முறை. மாமா மூன்று நாளில் இரண்டு நாள் வண்டியோடு போய்விடுவார். பிள்ளைகள் இல்லை. அத்தைக்குத் துணை ஒரு ரேடியோதான்.

அந்த ரேடியோவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அதன் சூட்டு வாசனை வருகிறது. தேக்குப் பெட்டி, முன்பக்கம் பொன்னிறத் துணி, நடுவில் பச்சையாக ஒரு கண். சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. உள்ளே சூடேறி, பச்சைக் கண் மெல்லத் திறந்து சுருங்கி, முதல் குரல் வருவதற்குள் நான் முப்பத்தெட்டு எண்ணுவேன். மழைக்காலத்தில் நாற்பத்தொன்று. பெட்டிக்கு மேலே ஆணியில் லைசென்ஸ் புத்தகம் தொங்கும். அந்தக் காலத்தில் ரேடியோ கேட்பதற்கு வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டி அந்தப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நம் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அப்பாவுக்கும் அந்த ரேடியோவுக்கும் இருந்த ஒரே உறவு, கூரைமேல் கட்டிய ஏரியலின் இரண்டு முனையிலும் தொங்கிய, பட்டறையில் செய்த முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேட்டர்கள். போகும்போதும் வரும்போதும் அண்ணாந்து பார்ப்பார். "அந்த ரெண்டு முட்டையும் நான் கழிச்சதுதான்" என்பார்.

எட்டாம் வீட்டு ஜன்னலில் நின்று பாட்டு கேட்டதற்காக நான் அப்பாவிடம் இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறேன். "காசு கட்னவங்க கேக்குறாங்க. நீ எதுக்குடா ஓசியில காது நீட்டற?" என்பார். அம்மாவை அவர் ஒன்றும் சொன்னதில்லை, ஆனால் அந்த வார்த்தை அம்மாவுக்கும் சேர்த்துத்தான் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால் ஜன்னலுக்குப் போகமாட்டாள். சுவரோரம் உட்கார்ந்து அரிசி புடைப்பாள். ஒரு படி அரிசியை முக்கால் மணி நேரம் புடைப்பாள். சுவர் வழியாக வரும் குரல், தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருக்கும். சத்தம் வரும், வார்த்தை வராது.

யோசனை அத்தையுடையது. மாமாவின் பெட்டியில் உபரியாக ஒரு ஸ்பீக்கர் கிடந்தது. ரேடியோவின் முதுகில் அதைச் செருகுவதற்கு இடமும் இருந்தது. காலண்டர் ஆணி பிடுங்கிய துளையைக் கம்பியால் பெரிதாக்கி, ஒயரை எங்கள் அடுப்படிக்குள் விட்டுவிட்டாள். எங்கள் பக்கத்தில் பலகைமேல் வரிசையாக ஏழு பானைகள். மூன்றாவது பானை புளிப் பானை. அம்மா புளியை டப்பாவுக்கு மாற்றிவிட்டு, அந்தப் பானையின் வாயில் ஸ்பீக்கரைக் குப்புறக் கவிழ்த்து, மேலே துணி போட்டுக் கட்டினாள். ரேடியோவில் வந்ததைவிடப் பானையில் வந்த குரல் நன்றாக இருந்தது. அடி வயிற்றிலிருந்து பேசுவது போல இருந்தது.

"அவருக்குத் தெரிஞ்சா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரிஞ்சா என்ன? உங்கிட்ட ரேடியோவா இருக்குது? பானைதான இருக்குது" என்றாள் அத்தை.

இந்த வாதம் அம்மாவுக்குப் பிடித்துப் போயிற்று. அதன் பிறகு நான் எப்போது கேட்டாலும் அதையே சொல்வாள். நாம் வைத்திருப்பது பானை. பானைக்கு எந்த ஊரிலும் லைசென்ஸ் கிடையாது.

பட்டறைச் சங்கு நாலரைக்கு ஊதும். நாலே காலுக்கு அத்தை சுவரில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்திவிடுவாள். அதுவரை மதியம் முழுக்க எங்கள் அடுப்படி பேசிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வரும்போது நானும் கேட்பேன். மகளிர் நிகழ்ச்சி நடத்தும் அம்மாள் "வணக்கம்" என்று ஆரம்பிப்பார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் சரி செய்துகொண்டு, "வணக்கங்க" என்பாள். சுவருக்கு அந்தப்பக்கம் அத்தையும் "வணக்கங்க" என்பது கேட்கும். நாடகத்தில் யாராவது அழுதால் இரண்டு வீட்டிலும் மூக்குச் சிந்தும் சத்தம் வரும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கல்யாணமாகி வந்து பன்னிரண்டு வருஷத்தில் அம்மா சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த மூன்று மாதத்தில்தான்.

கெடுத்தது என் வாய். வகுப்பில் சும்மா இருக்கும்போது புதுப் பாட்டைப் பாடிவிட்டேன். சைக்கிள் கடைக்காரர் மகன் திரும்பிப் பார்த்து, ரேடியோ இல்லாத வூட்ல பாட்டு எப்படிடா மொளைக்குது என்று கேட்டான். நான் புத்தகத்தைத் திறந்துகொண்டேன். "ஓசிக்காது" என்றான். அவ்வளவுதான். நாற்பத்தொரு பையன்களில் இருபத்தேழு பேர் என்னை அந்தப் பேரில் கூப்பிட ஆரம்பித்தார்கள். போதாததற்கு வாத்தியார் அதே மாதம் ஒரு பாடத்தின் நடுவில், லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ கேட்பது சர்க்காரிடம் திருடுவதற்குச் சமம், ஜெயில் உண்டு என்று சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் இருபத்தேழு பேர் என்னைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஜெயிலில் அம்மாவுக்கு என்ன சேலை கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தார். வழக்கம்போலப் பலகைமேல் இருந்த பானைகளைக் குச்சியால் தட்டிக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, நல்ல சத்தம். மூன்றாவது 'டொக்'. நின்றார். மறுபடியும் தட்டினார். "இது கீறல் வுட்டிருக்குது, தூக்கிப் போடு" என்றார். புளி வைக்க ஆகுமே என்று அம்மா சொன்னாள். அவள் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அப்பா தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அம்மாவும் அத்தையும் குழாயடியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அத்தனை சாமானைத் தட்டிப் பார்க்கிறவர், ஸ்பீக்கர் வைத்த பானையைக் கீறல் என்கிறாரே என்று.

முழுப்பரீட்சை லீவு விட்ட முதல் வாரத்தில் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் தெருவுக்கு வந்தார். கூடத் தபால்காரர். ஏரியல் தெரிந்த வீடாகப் பார்த்து நேராக எட்டாம் வீட்டுக்குப் போனார். புத்தகம் சரியாக இருந்தது. வெளியே வந்தவர் எங்கள் வாசலில் நின்றுவிட்டார். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. பயத்தில் அத்தை ரேடியோவை நிறுத்த மறந்திருக்கிறாள். நினைவு வந்து அவள் நிறுத்தியபோது இன்ஸ்பெக்டர் எங்கள் நடையில் இரண்டாவது அடி வைத்திருந்தார்.

அம்மா பானைகளுக்கு முன்னால் நின்றாள். நான் அம்மாவுக்கு முன்னால் நின்றேன். அப்போது பின்னால் செருப்புச் சத்தம். சூளை ஆறவில்லை என்று அன்று சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். அப்பா வாசலில் நின்றிருந்தார், கையில் குச்சி.

"இந்த வூட்லதான் பாட்டு கேட்டுச்சு. செட்டு எங்க இருக்குது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரேடியோ இல்லீங்களே, சார்."

"அப்ப பாடுனது யாரு?"

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. பலகை ஓரமாகப் போய் முதல் பானையைத் தட்டினார். பிறகு இரண்டாவதை. மூன்றாவது 'டொக்' என்றது. துணி கட்டிய அந்த வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒன்பது எண்ணினேன்.

"என்னது அது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கீறல் வுட்ட பானைங்க, சார். புளி வெச்சிருக்காங்க. ஒரே சொவரு, அந்தாண்ட பாடுனா இங்க பாடற மாதிரிதான் இருக்கும்."

இன்ஸ்பெக்டர் நம்பினாரா, வெயிலில் சலித்துப் போனாரா தெரியாது. அடுத்த வாரம் மறுபடியும் வருவேன் என்று எட்டாம் வீட்டுக்கும் ஒன்பதாம் வீட்டுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அப்பா கை கால் கழுவிக்கொண்டு டீ கேட்டார். இரண்டாம் முறையும் ஏமாந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. அன்று டீயில் சர்க்கரையை இரண்டு முறை போட்டாள்.

மறுநாள் காலை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கோ கிளம்பினார். பட்டறைக்கு லீவு. எனக்கு நினைவு தெரிந்து அவர் லீவு போட்டது அதுதான் முதல் தடவை. எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "வேலை இருக்குது, போயிட்டு வரேன்" என்றார். அத்தைமேல் புகார் எழுதிக் கொடுக்கத்தான் போகிறார் என்று அம்மா முடிவு செய்தாள். வாய்விட்டே சொன்னாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். அன்று அத்தை கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பாவின் குச்சி மாடத்தில் இருந்தது.

அந்த அரை மணி நேரத்தில்தான் நான் அதைச் செய்தேன். ஒயரைச் சுவரோரமாக அரிவாள்மனையில் வைத்து அறுத்தேன். மீதி ஒயரைத் துளை வழியாக அந்தப்பக்கம் தள்ளினேன், விழும் சத்தம் கேட்டது. பிள்ளையார் செய்வதற்காக ஒளித்து வைத்திருந்த வெள்ளை மண்ணைப் பிசைந்து துளைக்குள் அடைத்து, அப்பாவின் குச்சியால் குத்திக் குத்தி உள்ளே தள்ளினேன். சுவரின் நடுவரைக்கும் போயிற்று. குச்சியைத் துடைத்து மாடத்தில் வைத்தேன். ஜெயிலிலிருந்து அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன்.

நான் அடைத்த மண், சுவரின் நடுவில் இருந்ததால், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து அடைத்தது போலத்தான் இருந்தது. இதை நான் திட்டமிடவில்லை.

மதியம் அம்மா துணியை அவிழ்த்துப் பார்த்து, அறுந்த ஒயர்த் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயந்துபோய் அத்தை அறுத்துவிட்டாள் என்று நினைத்தாள். போய்க் கேட்கலாம் என்றால், கணவர் புகார் கொடுக்கப் போயிருக்கிறாரே, எந்த முகத்தோடு கேட்பது. அத்தை தன் பக்கத்தில் தரையில் கிடந்த ஒயரைப் பார்த்தாள். கொடுத்ததை முகத்தில் வீசிவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் அம்மாவின் குடத்தை நகர்த்தாமல், தன் குடத்தை எடுத்துக்கொண்டு வேறு குழாய்க்குப் போனாள். அதற்கு முன் அவர்கள் இருவரும் ஒருவர் குடத்தை ஒருவர் பிடித்துக்கொடுப்பார்கள். அந்த வாரம் முழுக்க மதிய நேரத்தில் எட்டாம் வீட்டு ரேடியோ மிகவும் தாழ்வாகப் பாடியது. அரிசி புடைத்தாலும் கேட்காது. இன்ஸ்பெக்டர் திரும்ப வரவே இல்லை.

அப்பா மட்டும் கொஞ்சம் மாறினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படியில் வந்து உட்காருவார், அந்த மூன்றாவது பானையை லேசாகத் தட்டுவார். மூன்று ஞாயிறு பார்த்தேன். நான்காவது ஞாயிறு, அம்மா மாவு கலக்கும்போது கேட்டார்:

"என்ன, இப்பல்லாம் ஒன் புளிப் பானை சத்தமே காணும்?"

அம்மா கை மாவோடு அப்படியே நின்றது. அப்பா பதிலுக்குக் காத்திருந்தார். அம்மா மறுபடியும் மாவைக் கலக்க ஆரம்பித்தாள். அவரும் எழுந்து போய்விட்டார். எல்லாம் தெரிந்துகொண்டு குத்திக் காட்டுகிறார் என்றுதான் அம்மா எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அப்பா வேடிக்கையாகப் பேசி எங்களுக்குப் பழக்கம் இல்லை. மறுநாள் அவள் ஸ்பீக்கரைத் துணியில் சுற்றி எட்டாம் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். பானையைப் பட்டறைக் குப்பைமேட்டுக்கு எடுத்துப் போய், கழித்த கப்புகளின் மேல் போட்டாள். அது உடைந்த சத்தம், கீறலே இல்லாத பானை உடையும் சத்தம். எனக்கே தெரிந்தது.

ஆடி மாதம் மாமாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. வண்டியில் சாமான் ஏற்றினார்கள். ரேடியோவை அத்தை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பும்போது எங்கள் வாசலைப் பார்த்தாள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் இருவருக்கும் நடுவில் நின்றிருந்தேன். ஒரு வரி சொன்னால் போதும், நான்தான் அடைத்தேன் என்று. சொன்னால் குச்சி. சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து, என் வீட்டில் டி.வி. வந்த பிறகு ஒருநாள் அம்மா சொன்னாள்: "அந்தம்மா நல்லவங்கதான். பயந்து போயி அறுத்துட்டாங்க." அப்போதும் நான் சொல்லவில்லை. நாற்பத்தாறு சேனல் திருட்டா என்று உங்கள் ஐந்து பேரிடமும் கேட்டவன், இரண்டு பெண்களின் மதியத்தை எடுத்துக்கொண்டதற்கு என்ன பேர் என்று யாரிடமும் கேட்டதில்லை. அம்மா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அப்பா போய் இருபத்துமூன்று.

இப்போது தகரப் பெட்டிக்கு வருகிறேன். அப்பாவின் வேட்டி, பட்டறைச் சம்பளச் சீட்டுகள், குச்சி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னப் புத்தகம். ஒரு ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. ரேடியோ லைசென்ஸ் புத்தகம். எட்டாம் வீட்டு ஆணியில் தொங்கியது போலவே ஒன்று, ஆனால் அப்பாவின் பெயரில். எங்கள் வீட்டுக்கு ரேடியோ வந்தது நான் வேலைக்குப் போன பிறகு, என் சம்பளத்தில். அதற்கு நான் எடுத்த புத்தகம் வேறு. இது அதற்கும் பதினோரு வருஷம் முன்னால் எடுத்தது. முதல் முத்திரை அந்தச் சித்திரை மாதத்தில் விழுந்திருக்கிறது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் போன இடம் தபாலாபீஸ்.

என்ன கருவி என்று எழுத வேண்டிய கட்டத்தில் அப்பா தன் கையெழுத்தில் எழுதியிருந்தார். எழுத்து சின்னது, கட்டம் போதவில்லை, ஓரத்தில் வளைந்து ஏறுகிறது. "பானை ஒலிபெருக்கி ஒன்று. சொந்தத்தில் ரேடியோ இல்லை. பக்கத்து வீட்டு ரேடியோவிலிருந்து."

தபாலாபீஸ்காரர் சிரித்திருப்பார். இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம் என்று கூடச் சொல்லியிருப்பார். அப்பா நின்று வாங்கி வந்திருப்பார். அவர் கணக்கில் அது திருட்டுதான், சந்தேகமே இல்லை. அதனால் பணத்தைக் கட்டிவிட்டார். கட்டிய பிறகு அது திருட்டு இல்லை, அம்மா கேட்கலாம். அதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, சத்தமே காணுமே என்று கேட்டிருக்கிறார். லைசென்ஸ் எடுத்திருக்கிறேன், நீ கேள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இன்ஸ்பெக்டர் முன்னால் பொய் சொல்ல வந்த வாய்.

முத்திரைகளை எண்ணினேன். பதினொன்று. பானை குப்பைமேட்டில் உடைந்த பிறகும் பத்து வருஷம் கட்டியிருக்கிறார். ஏன் என்று இரண்டு நாள் யோசித்தேன். பலகைமேல் அதே இடத்தில் அம்மா வேறு பானை வைத்தாள். அது 'ணங்' என்றுதான் சொல்லியிருக்கும். அவள் ஸ்பீக்கரை வேறு எங்காவது, தன் குச்சி எட்டாத இடத்தில், வைத்துக் கேட்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ. எட்டாம் வீட்டில் பிறகு வந்தவர்களிடமும் ரேடியோ இருந்தது. அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நடுவில் இருந்த மண் என்னுடையது.

வெள்ளிக்கிழமை கேபிள்காரப் பையன் வந்தான். நிறுத்த வேண்டாம், முழுக் கட்டணம் போட்டுக்கொள் என்றேன். "அய்யா, யாரும் கேக்கலையே. அது பாட்டுக்கு வந்துக்கிட்டு இருக்குது, நீங்களா ஏன் கட்றீங்க?" என்றான். தாலுகா ஆபீஸ்காரரும் இதையேதான் கேட்பார். ஏழு மாதத்துக்கும் சேர்த்து எழுதச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினான்.

அவன் போனதும் யார் வந்தது என்று மனைவி கேட்டாள். வழக்கமாக, ஒன்றுமில்லை என்பேன். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தாறையும் நிறுத்தச் சொன்னது, புத்தகம், வெள்ளை மண், குழாயடி. சொல்லி முடிக்க ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அம்மாவிடம் சொல்லாததை அறுபது வருஷம் கழித்து வேறொரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். அவள் புத்தகத்தைக் கையில் வாங்கி, அந்தக் கட்டத்தை இரண்டு முறை படித்தாள்.

"நீங்க பாட்டுக்குக் கட் பண்ணியிருந்தா நான் என்ன நெனச்சிருப்பேன் தெரியுமா? பொட்டி ரிப்பேருன்னு நெனச்சிக்கிட்டு சும்மா கெடந்திருப்பேன். கேட்டிருக்கக்கூட மாட்டேன்" என்றாள்.

மணி இரண்டு ஆகிவிட்டது. டி.வி.யைப் போட்டாள். நான் வழக்கமாக அந்த நேரத்தில் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். அன்று போகவில்லை. அந்த மாமியார் வந்தாள். யார் யாருக்கு என்ன உறவு என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தாள். பதினான்கில் இருந்ததைப் பத்தொன்பது ஆக்கினாள்.

"பக்கத்து வூட்டுக்குக் கேக்கும்" என்றாள்.

கேட்கட்டும் என்றேன்.